மாயா நாட்டில் ஒரு நாள்

நாங்கள் இரட்டையர். ஏழு நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். பாலர் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தவர்கள். ஒருத்தி பேசியதற்காக மற்றவள் வகுப்புக்கு வெளியே நின்ற நாட்களும் உண்டு. சம்பந்தப்பட்ட ஆசிரியைகள் இந்த மலரைப் படிப்பார்களாதலால் அதுபற்றி அதிகம் எழுதவில்லை. பயணக் கட்டுரை கேட்ட தமிழம்மா, "ஆளுக்கொன்றாக எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். போன நாளும் ஒன்று, பார்த்த இடமும் ஒன்று. ஆகவே இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம்.

2025-ஆம் ஆண்டு மே மாதம், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுவாரம், அப்பா பணிபுரியும் மெக்சிகோ நாட்டுக்கு அம்மாவுடன் சென்றோம். அப்பா நான்கு நாள் விடுப்பு எடுத்து, நாட்டின் தென்கிழக்கு மூலையில் கடலுக்குள் நீண்டிருக்கும் யுகட்டான் தீபகற்பத்துக்கு எங்களை அழைத்துப் போனார். அங்கே மெரிடா என்னும் நகரில் தங்கினோம். எல்லாரும் மகிழ்ச்சிக் கடலில் மூழ்கியிருந்தோம் என்று எழுதத்தான் ஆசை. உண்மை அதுவன்று. நாங்கள் இருவரும் மூன்று நாட்களாகப் பேசிக்கொள்ளவே இல்லை.

காரணம் இதுதான். மேனிலை முதலாம் ஆண்டில் ஒருத்தி அறிவியல் பிரிவில் சேர விரும்பினாள். மற்றவளுக்கு வரலாற்றுப் பிரிவில்தான் நாட்டம். அப்படியானால் இரண்டு வகுப்பு, இரண்டு பெஞ்சு. விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறாளே என்று ஒருத்திக்குக் கோபம்; போகவிடாமல் பிடித்து வைக்கப் பார்க்கிறாளே என்று மற்றவளுக்குக் கோபம். யார் யார் என்று சொல்லமாட்டோம். வகுப்புத் தோழியருக்குத் தெரியும்.

அன்று அதிகாலையில் சிலுவை அடையாளமிட்டு, அம்மா சொல்லிய செபத்துக்கு ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி ஆமென் சொல்லிவிட்டு வேனில் ஏறினோம். அம்மா நடுவில், நாங்கள் இரண்டு சன்னல் ஓரங்களில். வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். குட்டையான உருவம், வெள்ளைச் சட்டை, ஓலைத் தொப்பி. எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பெயர்களைக் கேட்டுக்கொண்டார். பத்து நிமிடத்தில் பெயர்களை மாற்றிச் சொன்னார். பிறகு அந்த முயற்சியையே கைவிட்டு, இருவரையும் "நீன்யா" என்று அழைக்கத் தொடங்கினார். ஸ்பானிய மொழியில் சிறுமி என்று பொருளாம். நாள் முழுதும் அவர் "நீன்யா" என்றபோதெல்லாம் நாங்கள் இருவரும் திரும்பினோம்.

மெரிடாவிலிருந்து சிச்சென் இட்சாவுக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மலையில்லை, மேடில்லை. இருமருங்கும் ஆள் உயரத்துக்குச் சற்று மேற்பட்ட புதர்க்காடுதான். பாதி வழியில் வழிகாட்டி ஐயா, "இதுவரை எத்தனை ஆற்றுப் பாலங்களைக் கடந்தோம்?" என்று கேட்டார். இருவரும் யோசித்தோம். ஒன்றுகூட இல்லை! வட யுகட்டானில் நிலத்தின்மேல் ஓடும் ஆறே கிடையாது. பூமி முழுதும் சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழையெல்லாம் அதன் துளைகள் வழியே கீழே இறங்கிவிடும். இறங்கிய நீர் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகைகளாக்கும். என்றோ ஒருநாள் குகையின் கூரை இடிந்து விழும்போது, அடியிலுள்ள நீர் வானத்தைப் பார்க்கும். இப்படி உண்டான இயற்கைக் கிணறுகளுக்குச் செனோட்டே என்று பெயர். மாயா மொழியில் வழங்கிய 'சொனோத்' என்ற சொல்லை ஸ்பானியர் அப்படி உச்சரித்தனராம். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களின் அழிவுக்குக் காரணமான விண்கல் விழுந்ததும் இந்தத் தீபகற்பத்தின் வடகரையில்தான். அந்தப் பள்ளம் இன்று மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. ஆனால் அதன் விளிம்பையொட்டி அரைவட்டமாகச் செனோட்டேக்கள் வரிசையாக அமைந்திருப்பதால் பள்ளத்தின் எல்லை தெரிகிறதாம். இதைக் கேட்டு ஒருத்தி நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். மற்றவள், "இங்கே ஆண்ட அரசர்கள் யார்?" என்று கேட்டாள். அம்மா பெருமூச்சு விட்டார்.

சிச்சென் இட்சா என்றால் 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்று பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெரும் நகரமாக விளங்கியது. 1988-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நுழைவாயிலைக் கடந்து மரங்களுக்கிடையே நடந்தோம். திடீரென்று மரங்கள் விலகின. எதிரே வெட்டவெளியில் குகுல்கானின் பிரமிடு. ஆகா! படத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆயினும் நேரில் கண்டபோது வாய் பேச எழவில்லை. உச்சிக் கோயிலோடு சேர்த்து ஏறத்தாழ 30 மீட்டர் உயரம். நான்கு புறமும் பக்கத்துக்கு 91 படிகள். உச்சி மேடையை ஒரு படியாகக் கொண்டால் மொத்தம் 365. கல்லால் கட்டிய பஞ்சாங்கம் என்றார் அப்பா. குகுல்கான் என்பது சிறகுடைய பாம்புத் தெய்வம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, மாலை வெயிலில் படிக்கட்டின் ஓரச்சுவரில் முக்கோண முக்கோணமாக ஒளி விழுந்து, ஒரு பாம்பு மேலிருந்து ஊர்ந்து இறங்குவது போலத் தெரியுமாம். நாங்கள் போனது மே மாதம். பாம்பைக் காணவில்லை, வெயிலை நன்றாகக் கண்டோம்.

2006 முதல் பிரமிடின்மீது ஏற அனுமதியில்லை. வழிகாட்டி ஐயா படிக்கட்டுக்கு எதிரே நின்று கைதட்டினார். கல்லிலிருந்து ஒரு பறவை கீச்சிடுவது போன்ற எதிரொலி வந்தது! கெட்சால் என்னும் பச்சைப் பறவையின் குரல் அது என்பார்கள். நாங்களும் தட்டிப் பார்த்தோம். ஒரே நேரத்தில் தட்டினால் ஒலி பெரிதாக வரும் என்றார் அவர். நாங்கள் வேண்டுமென்றே தனித்தனியாகத் தட்டினோம்.

அப்பா அவரிடம், "மாயா மக்கள் எப்படி மறைந்து போனார்கள்?" என்று கேட்டார். அவர் தொப்பியைக் கழற்றி, "நான் மறைந்து போனவனாகவா தெரிகிறேன்?" என்றார். அவர் வீட்டில் தாயார் பேசுவது மாயா மொழிதானாம். நகரங்கள் கைவிடப்பட்டது உண்மை; மக்கள் எங்கும் போகவில்லை. யுகட்டான் மாயா மொழியை இன்றும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகிறார்கள். அப்பா வெட்கப்பட்டார். எங்களுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அதே கேள்வியைக் கேட்க வாயெடுத்தவர்கள் நாங்கள்.

அடுத்துப் பந்தாட்ட மைதானம். 168 மீட்டர் நீளம். அக்காலத்து ஆடுகளங்களில் இதைவிடப் பெரியது அப்பகுதியில் எங்கும் இல்லை. இருபுறச் சுவர்களிலும் வெகு உயரத்தில் கல் வளையங்கள் பதித்திருக்கின்றன. கனமான ரப்பர்ப் பந்தை இடுப்பால் தட்டி விளையாடுவார்களாம். அங்கேதான் அவர் எங்களை அருகருகே நிறுத்தி ஒரு கதை சொன்னார். குவாத்தமாலாவின் கிச்சே மாயா மக்கள் போற்றும் போப்போல் வூ என்னும் நூலில் வருவது. ஹூனாப்பூ, இஷ்பலான்கே என்று இரட்டைச் சகோதரர்கள். பாதாள உலகின் தலைவர்கள் அவர்களுடைய தந்தையையும் தந்தையின் சகோதரரையும் பந்தாட அழைத்துக் கொன்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் வளர்ந்து, அதே பாதாளத்துக்கு இறங்கி, அதே ஆட்டத்தை ஆடி வென்று, பிறகு வானேறிச் சூரியனும் சந்திரனும் ஆகிறார்கள். "இரட்டையர் என்றால் எங்களுக்கு வெறும் இரண்டு பிள்ளைகள் அல்ல" என்றார். மூன்று நாளில் முதன்முறையாக நாங்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம். சிறிது பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை அரைமணி நேரம்தான் நிலைத்தது.

பிரமிடிலிருந்து வடக்கே ஏறத்தாழ 300 மீட்டர் தூரம் மரநிழலில் ஒரு பழைய பாதை செல்கிறது. இருபுறமும் கடைகள், சிறுத்தை உறுமுவது போன்ற ஊதல்களை ஊதி ஊதி விற்கிறார்கள். முடிவில் புனிதச் செனோட்டே. 60 மீட்டர் அகலத்தில் வட்டமான ஒரு பெரும் பள்ளம். செங்குத்துப் பாறைச் சுவர். வெகு ஆழத்தில் பாசிப்பச்சை நிறத்தில் அசைவற்ற நீர். இதில் யாரும் குளிப்பதில்லை. அந்நாளிலும் குடிக்க நீர் எடுத்தது வேறொரு செனோட்டேயில்தான். மழைத் தெய்வத்துக்குக் காணிக்கை செலுத்தவே இது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்டு தாம்சன் என்ற அமெரிக்கர் தூர்வாரியபோது பொன், பச்சைக்கல், சாம்பிராணி உருண்டைகள் எல்லாம் கிடைத்தன. மனித எலும்புகளும் கிடைத்தன.

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற வேறொரு கூட்டத்தாரிடம் யாரோ, அழகிய கன்னிப் பெண்களை நகை பூட்டி இதில் தள்ளினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எங்களுக்கு உடல் சிலிர்த்தது. எங்கள் வழிகாட்டி ஐயா தலையை அசைத்தார். "கேட்பதற்குச் சுவையான கதை. எலும்புகள் வேறு சொல்கின்றன" என்றார். கிணற்றில் கிடைத்தவை ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லாருடைய எலும்புகளும்தானாம். பிறகு குரலைத் தாழ்த்தி மற்றொன்றையும் சொன்னார். 1967-இல் இவ்விடத்துக்கு அருகே சிறிய விமானத்தளம் அமைக்கத் தோண்டியபோது, பழைய நீர்த்தொட்டியொன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எலும்புகள் அகப்பட்டன. அவற்றுள் 64 குழந்தைகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றுகூடப் பெண் குழந்தை இல்லை. 64 பேரும் சிறுவர்கள். பெரும்பாலோர் மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்டவர்கள். பலர் ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவு. அவர்களுள் இரண்டு இணைகள், உருவொத்த இரட்டையர்.

அம்மா எங்கள் இருவருடைய மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். விளிம்பிலிருந்து நாங்கள் வெகுதூரம் தள்ளித்தான் நின்றோம். ஆனாலும் பிடித்துக்கொண்டார்.

பந்தாட்ட மைதானத்தில் கேட்ட அதே இரட்டையர் கதைதான், அந்தச் சிறுவர்களை இருவராகத் தேர்ந்தெடுக்கக் காரணமாயிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்களாம். உறவினரான சிறுவர்கள் ஒரேவிதமான உணவு உண்டு வளர்ந்தவர்கள் என்பதையும் எலும்புகள் காட்டினவாம். அப்படியென்றால் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே அம்மாவின் கை. எங்களுக்குச் சட்டென்று எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு எவர்சில்வர் தட்டுகள் நினைவுக்கு வந்தன. இதை நாங்கள் பிறகு பேசிக்கொண்டபோதுதான் இருவருக்கும் அதே நினைவு வந்தது தெரிந்தது.

"அந்தப் பிள்ளைகளின் தாய்மார்?" என்று அம்மா கேட்டார்.

"எலும்பு அதைச் சொல்லாது, சென்யோரா" என்றார் அவர்.

பகல் உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சோள ரொட்டி, எலுமிச்சை பிழிந்த கோழி ரசம். அவ்வூர் அபனேரோ மிளகாயை நம்மூர் மிளகாய்தானே என்று எண்ணிக் கடித்த அப்பா, கால் மணி நேரம் யாரோடும் பேசவில்லை. அந்த நாளின் முதல் சிரிப்பு அதுதான்.

மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இக் கில் என்னும் செனோட்டே. இதில் நீந்தலாம். முதலில் குழாயடியில் நன்றாகக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். முகத்தில் பூசிய பூச்சும் எண்ணெயும் நீரில் கலக்கக்கூடாது. நிலத்தடியில் எல்லா நீரும் ஒன்றோடொன்று தொடர்புள்ளது, குடிநீரும் அதுவே என்றார் வழிகாட்டி ஐயா. உயிர்காப்பு அங்கி அணிந்துகொண்டு, பாறையைக் குடைந்து அமைத்த ஈரப் படிகளில் இறங்கினோம். தரையிலிருந்து 26 மீட்டர் கீழே நீர். மேலிருந்து மரங்களின் வேர்களும் கொடிகளும் சடைசடையாக நீர்வரை தொங்குகின்றன. நடுவில் வானத்திலிருந்து வெயில் ஒரு தூணாக இறங்குகிறது. புனிதச் செனோட்டேயின் உடன்பிறப்புப் போன்றதுதான் இதுவும். அதே வட்டம், அதே சுவர். ஆனால் இங்கே குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு நீரிலிருந்து மேலே ஏறி வருகிறார்கள்.

எங்களில் ஒருத்திக்குத்தான் நீந்தத் தெரியும். இரண்டாம் வகுப்பு விடுமுறையில் அத்தை ஊர் வாய்க்காலில், தாத்தா இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்றுக்கொடுத்தார். மற்றவள் அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள். எல்லாவற்றிலும் ஒன்றுபோலிருக்கும் எங்களுக்குள் முதல் வேற்றுமை அந்தக் காய்ச்சலால் வந்தது.

நீந்தத் தெரிந்தவள் யாரிடமும் சொல்லாமல் குதிமேடையில் ஏறிக் குதித்துவிட்டாள். இரண்டு மூன்று நொடிதான் இருக்கும். நீர் மூடியது, தலை தெரியவில்லை. அடியில் 40 மீட்டருக்கும் மேல் ஆழம் என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். படியில் நின்றவள் தன் உயிரெல்லாம் சேர்த்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அது பாறைச் சுவரில் மோதிச் சுற்றிச் சுற்றி ஒலித்தது. மூன்று நாள் மௌனத்துக்குப் பின் பேசிய முதல் சொல் அந்தப் பெயர்தான். அங்கி தூக்கிவிட, உள்ளே போனவள் இருமிக்கொண்டே மேலே வந்தாள். நீந்தி வந்து படியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் வாயேன்."

"எனக்குப் பயம். வரமாட்டேன்."

"சரி, இங்கேயே உட்கார்ந்திரு. எங்கேயும் போய்விடாதே."

"நீயும்தான்."

இனி வரும் பத்தியில் பாதியை ஒருத்தியும் பாதியை மற்றவளும் எழுதினோம். நடுநீரில் மல்லாந்து மிதந்தால் காதில் எந்த ஓசையும் இல்லை. தொங்கும் வேர்களின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் முகத்தில் விழுகிறது. வானம் ஒரு தட்டளவு தெரிகிறது. பயமும் இருந்தது, அந்தச் சிறுவர்கள் கடைசியாகப் பார்த்த வானமும் இவ்வளவுதான் இருந்திருக்குமோ என்று தோன்றியது. படியில் அமர்ந்து காலை நீரில் விட்டால் கருப்பு மீன்கள் வந்து விரல்களைத் தொடுகின்றன. சுவரின் பொந்துகளுக்குள் குருவிகள் நுழைவதும் வருவதும் தெரிகிறது. வெயில் தூண் மெல்ல மெல்ல நகர்கிறது. தூரத்தில் உடன்பிறந்தவளின் தலை ஒரு தேங்காய் அளவில் மிதக்கிறது. அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மிதந்தவள் குருவிகளைப் பார்க்கவில்லை. அமர்ந்தவளுக்கு வேர்த்துளி முகத்தில் விழவில்லை. திரும்பும் வழியெல்லாம் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டே வந்தோம். இருவரும் ஒரே சன்னலோரம். அம்மா மறுபக்கம் கால் நீட்டி உறங்கினார்.

மாலையில் இசமால் என்னும் ஊரில் இறங்கினோம். ஊர் முழுதும் மஞ்சள் வண்ணம். நடுவே புனித அந்தோனியார் பெயரால் பிரான்சிஸ்கன் துறவியர் கட்டிய மடம், 1561-இல் முடிந்தது. பழைய மாயா பிரமிடொன்றின் மேடைமேல், அதன் கற்களைக் கொண்டே எழுப்பியிருக்கிறார்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1993 ஆகஸ்டில் இங்கு வந்து பழங்குடி மக்களைச் சந்தித்தார். மாதா சுரூபத்தின் முன் வழிகாட்டி ஐயா தொப்பியை எடுத்து முழங்காலிட்டார். நாங்களும் முழங்காலிட்டோம்.

வெளியே வந்ததும், ஒளிக்காமல் சொல்கிறேன் என்று சொன்னார். இம்மடத்தைக் கட்டுவித்த டீகோ தெ லாந்தா என்ற துறவியே 1562-இல் மானி என்னும் ஊரில் மாயா மக்களின் நூல்களைக் குவித்துத் தீயிட்டவர். மக்கள் பலரும் அப்போது கடுமையாகத் துன்புறுத்தப்பட்டனர். இன்று உலகில் மாயா எழுத்தில் எஞ்சியிருக்கும் பழஞ்சுவடிகள் நான்கே நான்கு. பின்னாளில் அதே லாந்தா அம்மக்களின் வழக்கங்களையும் எழுத்துக்களையும் ஒரு நூலாக எழுதிவைத்தார். 1952-இல் ரஷ்ய அறிஞர் யூரி நோரோசவ் அந்த எழுத்தைப் படிக்க வழி கண்டபோது அந்நூலே கைகொடுத்தது. எரித்த கையும் எழுதிய கையும் ஒன்று. "அவரை மன்னிப்பதா வேண்டாமா என்று என் தாயாரும் நானும் நாற்பது வருடமாக வாதாடுகிறோம்" என்றார். யார் எந்தக் கட்சி என்று கேட்டோம். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

மாதா சுரூபத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. லாந்தா குவாத்தமாலாவில் இரண்டு சுரூபங்கள் செய்வித்து, ஒன்றை இசமாலிலும் மற்றொன்றை மெரிடாவிலும் வைத்தார். மக்கள் அவற்றை 'இரு சகோதரிகள்' என்று அழைத்தனர். இசமாலில் இருந்தது 1829-இல் தீயில் அழிந்துபோனது. மெரிடாவிலிருந்த சகோதரியை அவ்விடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது அங்கிருப்பது அவள்தான். இதைக் கேட்டதும் நாங்கள் மீண்டும் உள்ளே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தோம்.

மெரிடாவில் வேனை விட்டு இறங்கும்போது இருட்டிவிட்டது. மாயா மொழியில் நன்றி எப்படிச் சொல்வது என்று கேட்டோம். 'தியோஸ் போத்திக்' என்றார்; கடவுளே இதற்கு ஈடு செய்வார் என்பது அதன் பொருளாம். இருவரும் சொன்னோம். அவர் ஒருத்தியின் சடையைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஈரம். மற்றவளின் சடை காய்ந்திருந்தது. அன்று காலையிலிருந்து முதன்முறையாக எங்கள் இருவருடைய பெயர்களையும் சரியாகச் சொல்லி விடைகொடுத்தார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒருத்தி 'அ' பிரிவிலும் மற்றவள் 'ஈ' பிரிவிலும் சேர்ந்தோம். நடுவில் இரண்டு வகுப்பறைகளும் குடிநீர்த் தொட்டியும் இருக்கின்றன. இடைவேளை மணி அடித்தால் தொட்டியருகே வந்து பாருங்கள், இருவரும் அங்கேதான் இருப்போம்.